இருபத்துநாலு பேர்

பத்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். உலகம்மாள், உலகம்மாள் பரமகுரு, என்று அந்தப் பெண் இரண்டு தடவை கூப்பிடுவாள், நிமிர்ந்து நாற்காலிகளைப் பார்ப்பாள், யாரும் எழுந்திருக்காவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான். நான் போகாவிட்டால் அங்கே நான் இல்லை, நான் இல்லாத இடத்தில் என் நோயும் இருக்க முடியாது, ஆகவே இன்றைக்கு எனக்கு ஒன்றும் இல்லை. காலையில் பஸ்ஸில் வரும்போது இப்படித்தான் யோசித்தேன். இருபத்திரண்டு வருஷம் தத்துவம் நடத்தியவள் யோசிக்கிற லட்சணம் இது. இப்போது மணி பத்து ஐந்து. பரீட்சை ஹால் நம்பர் ஒன்பது. விடைத்தாளும் வினாத்தாளும் கொடுத்தாகிவிட்டது, எல்லாத் தலையும் குனிந்துவிட்டது, மேலே மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக் என்கிறது. உண்மையைச் சொன்னால் இன்றைக்கு எனக்கு டியூட்டியே கிடையாது. எகனாமிக்ஸ் பாலமுருகனிடம் நேற்று நானே போய், "சார், ஒங்க ஹால் டியூட்டிய நான் பாக்கேன், நீங்க வீட்டுல இருங்க" என்றேன். அவர் என்னைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். யாராவது ஹால் டியூட்டியை வலியப் போய்க் கேட்பார்களா? மூன்று மணி நேரம் உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேலை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. வெளியே இருக்கிற இருபத்தைந்து பேரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற ஒன்றைப் பார்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கியதும் நான்தான், அதே நேரத்துக்கு இங்கே வந்து நிற்பதும் நான்தான். இந்த இரண்டு பேரில் யாருக்குப் புத்தி கெட்டிருக்கிறது என்று தெரியவில்லை.

பதினோரு நாள் ஆகிறது. போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, குளிக்கும்போது, சோப்பு வழுக்கிப் போன வழியில் விரல் ஓர் இடத்தில் தட்டி நின்றது. இடது மார்பில், கீழ்ப்பக்கம். ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. வலி இல்லை. வலித்திருந்தால் நல்லது, வலி வந்தால் இருக்கிறது என்று முடிந்துவிடும், வலியை யாரும் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. இது அப்படி இல்லை, தேடினால்தான் இருக்கிறது. கையைத் தூக்கினால் இருக்கிறது, மல்லாந்து படுத்தால் இல்லை, ஈரக் கையால் தடவினால் இருக்கிறது, புடவைக்கு மேலே தடவினால் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, தையல் மடிப்பு மாதிரியும் இருக்கிறது. சனிக்கிழமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை, சந்தோஷத்தில் கேசரி கிண்டினேன். திங்கட்கிழமை இருந்தது. அப்புறம் மூன்று நாள் தொடாமலே இருந்தேன். அந்த மூன்று நாளும் அது எங்கே இருந்தது? நான் தொடாதபோதும் அங்கேயே இருந்து, யாருக்கும் தெரியாமல் ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டிருந்ததா? குளியலறைக் கதவைத் தட்டி இவர், "என்ன, குளிக்கப் போனவ குத்தாலத்துக்கே போயிட்டியா?" என்றார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றேன். அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகத்தில் அது வந்துவிடும், அப்புறம் காப்பி கொடுக்கும்போதெல்லாம் நான் அதை அங்கே பார்க்க வேண்டும். இப்போது அது என் இரண்டு விரலுக்கு மட்டும்தான் தெரியும். என் சித்தியும் அப்படித்தான், மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. இத்தன நாளும் என்னம்மா செஞ்சிய என்று டாக்டர் கேட்டதற்கு, போயிரும்னு நெனச்சேன் என்றாள். நாலே மாதத்தில் இறந்துபோனாள். அந்த வருஷம் நான் எம்.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன்.

எம்.ஏ.யில்தான் பாடத்தில் ஒரு பாதிரியாரைப் படித்தேன். அயர்லாந்துக்காரர், முன்னூறு வருஷத்துக்கு முந்தியவர். ஒரு பொருள் இருக்கிறது என்றால் யாரோ ஒருவர் அதை உணர்கிறார் என்றுதான் அர்த்தம், உணர்கிற மனம் இல்லாமல் தனியாக ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்வது வெறும் சத்தம், என்றார். மாம்பழத்திலிருந்து நிறத்தை எடு, வாசனையை எடு, ருசியை எடு, வழவழப்பை எடு, மீதி என்ன இருக்கிறது காட்டு என்றார். ஒன்றும் இருக்காது. நம்மூர் பௌத்தர்களில் ஒரு சாராரும் அதையேதான் சொன்னார்கள், நீலத்தையும் நீலம் என்கிற அறிவையும் தனித்தனியாக எப்போதாவது யாராவது பார்த்தது உண்டா என்று கேட்டார்கள். எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது அந்த வயதில்! சைவ சித்தாந்திகள், அதெல்லாம் இல்லை, கண் மூடியிருந்தாலும் பொருள் உள்ளதுதான் என்று அடித்துச் சொன்னபோது, இவர்களுக்குக் கற்பனையே கிடையாது என்று கேலி செய்தேன். பிறகு நான் பாடம் நடத்த வந்தபோது, வகுப்பில் கரும்பலகையில் எவனோ எழுதிவைத்திருந்தான்: பேரு உலகம்மாள், பாடம் உலகம் இல்லை. நானே சிரித்துவிட்டேன். புரோட்டாக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு படித்த ஒருத்தன் எழுந்து, "மேடம், அடுப்புல பால வச்சிட்டு நம்ம திரும்பிக்கிட்டா பொங்காதா?" என்று கேட்டான். வகுப்பே கைதட்டியது. நான் விடவில்லை, பொங்கிய பாலைத் திரும்பிப் பார்த்த பிறகுதானே பொங்கியது என்கிறாய், பார்க்காதபோது பொங்கியது என்று எப்படிச் சொல்கிறாய் என்று மடக்கினேன். அவன் உட்கார்ந்துவிட்டான். இப்போது நினைத்தால் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. அதற்கு மேல் ஒன்று உண்டு, அதை நான் வகுப்பில் வேகவேகமாகத்தான் தாண்டுவேன். யாரும் இல்லாத அறையில் மேஜை எப்படி இருக்கிறது என்றால், கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் இருக்கிறது என்றார் பாதிரியார். அப்படியானால் நான் தொடாத அந்த மூன்று நாளும் கடவுள் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த கண் வாங்காமல், சதைக்குள்ளே.

பத்து முப்பதுக்கு மணி அடித்தது, இனி தாமதமாக வருகிறவர்களை உள்ளே விடக் கூடாது. அட்டெண்டன்ஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு முதல் வரிசையிலிருந்து தொடங்கினேன். ஹால் டிக்கெட்டைப் பார், போட்டோவைப் பார், முகத்தைப் பார், விடைத்தாளின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து, ஷீட்டில் அவர்கள் கையெழுத்து. ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து மேஜை. வந்தவர்களுக்குக் கையெழுத்து, வராதவர்களுக்குச் சிவப்பு மையில் ஆப்சென்ட். முகங்கள் எல்லாம் போட்டோவைவிட மெலிந்திருந்தன, பரீட்சை நேரத்தில் யாரும் சாப்பிடுவதில்லை போல. மூன்றாவது வரிசையின் கடைசியில் நிற்கும்போது சுவர்க் கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. இப்போது கூப்பிடுகிறாள். உலகம்மாள். அந்த வராந்தாவின் பினாயில் வாசனை எனக்கு இங்கே அடித்தது, சத்தியமாக அடித்தது. உலகம்மாள் பரமகுரு. என் இடது கை தானாகவே மேலே வந்து புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த பெயருக்குப் போகிறாள், இல்லாதவளுக்கு என்று ஏதாவது குறிப்பாளா, வெறுமனே விட்டுவிடுவாளா? நான் போயிருந்தால் இந்நேரம் அந்தத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்திருப்பேன், யாரோ ஒரு டாக்டரம்மா தொட்டுப் பார்த்திருப்பாள், பிறகு இருக்கிறதா இல்லையா என்பது என் கையில் இருந்திருக்காது. டக், டக் என்று மின்விசிறி. நான் நாலாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எப்போது வந்தேன் என்று தெரியவில்லை. மீதிக் கையெழுத்துகளை வாங்கி முடித்துவிட்டு ஷீட்டைப் பார்த்தால், பதினைந்தாவது வரியில் ஒன்றும் இல்லை. அந்த மேஜை காலியாகத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் விழுந்த வெறும் பலகை என் ஞாபகத்தில் நன்றாக இருக்கிறது. சிவப்புப் பேனாவால் ஆப்சென்ட் என்று எழுதினேன். அலுவலக உதவியாளர் வந்து, "எத்தன பேரு மேடம்?" என்றார். இருபத்துநாலு என்றேன். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இருபத்துநாலு. இனி நடக்கும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே நடக்கலாம், எண்ணும்போது வேறு யோசனை வராது. ஒரு தடவை இருபத்துநாலு வந்தது. இன்னொரு தடவை இருபத்தைந்து வந்தது. திடுக்கென்றது, அப்புறம் எனக்கே சிரிப்பு வந்தது, என்னையும் சேர்த்து எண்ணிவிட்டேன். பார்க்கிறவளும் ஒரு ஆள்தானே. பாதிரியாருக்கும் இந்தக் குழப்பம் உண்டு, பார்க்கிற மனத்தை யார் பார்ப்பது? திரும்ப எண்ணவில்லை. எண்ணினால் வேறு ஏதாவது வந்து தொலைக்கும். மீதி ஒரு வினாத்தாள் இருக்க வேண்டுமே என்று மேஜைக்குப் போய்ப் பார்த்தேன், உறை காலியாக இருந்தது. உறையிலேயே ஒன்று குறைவாக வந்திருக்கும், அல்லது எங்காவது பறந்து விழுந்திருக்கும். ஒரு பையன் கையைத் தூக்கினான், கூடுதல் தாள் கொடுத்தேன். இன்னொருத்தி கேட்டாள், கொடுத்தேன். சிலர் எழுதாமல் என்னையே பார்த்தார்கள், நான் எப்போது திரும்புவேன் என்று. திரும்பிக்கொண்டால் நான் அவர்களுக்கு இல்லாமல் போவேன், எவ்வளவு எளிதாக அந்தத் தத்துவம் இவர்களுக்கு வாய்த்திருக்கிறது.

பதினொன்றரைக்கு பியூலா வந்தாள். காமர்ஸ் துறை, நானும் அவளும் ஒரே வருஷம் இந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்கள், இன்றைக்கு ரிலீவர் டியூட்டி, ஒவ்வொரு ஹாலாகப் போய்ப் பத்துப் பத்து நிமிஷம் ஆளை மாற்றிவிடுவாள். "ஏட்டி உலகு, ஒனக்குத்தான் இன்னைக்கு டியூட்டி இல்லையே, யாரு ஒன்ன வெத்தல பாக்கு வச்சி அழச்சா?" என்று காதருகே கேட்டாள். "சும்மாதான், வீட்டுல இருந்து என்ன செய்ய?" என்றேன். "மொகம் என்ன இப்படி இருக்கு? சாப்டியா இல்லியா?" "சாப்ட்டேன்." "பொய் சொல்லுத. போ, டீ ஆறிரும்." வராந்தாவில் நின்று டீயைக் குடித்தேன். இவளிடம் சொல்லலாம். இவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், பதறவும் மாட்டாள், அவளுடைய மாமனாரையே இரண்டு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். பியூலா, ஒரு நிமிஷம் வாயேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் சொல்கிற வார்த்தை என்ன? கட்டி இருக்கிறது என்றால், இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. கட்டி இருக்கிற மாதிரி இருக்கிறது என்றால் அது என்ன பேச்சு? டீயில் சர்க்கரை இருந்ததா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை. உள்ளே போனேன். "இருபத்தஞ்சா?" என்று கேட்டாள். "இருபத்துநாலு" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஹாலுக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. ஹாலின் மூலையில் நிற்கிற பீரோவுக்குப் பின்னால் ஒரு முழ இடம் உண்டு, அங்கே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தலைப்புக்குள் கையை விட்டேன். இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே. இல்லை. ஐயோ, இல்லவே இல்லை, இவ்வளவு நாளும் என் மனம் பண்ணின வேலைதான், பாதிரியாரே, நீர் வாழ்க! கையை எடுக்கப் போகும்போது நடுவிரலின் பக்கவாட்டில் தட்டியது. இருந்தது. கொஞ்சம் நகர்ந்து இருந்தது, அல்லது என் விரல்தான் நகர்ந்ததா? முன்பைவிடப் பெரிதா, முன்பு எவ்வளவு பெரிது, கொண்டைக்கடலைக்கு ஊறினது ஊறாதது என்று இரண்டு அளவு உண்டே, நான் எதை நினைத்துச் சொன்னேன்? அழுத்தினேன். விட்டேன். விட்டதும் இல்லை. அழுத்தினால் வருகிறது, விட்டால் போகிறது, அப்படியானால் என் விரல்தான் அதை உண்டுபண்ணுகிறது, என் விரலை வெட்டிப் போட்டுவிட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். இப்படி ஒரு வாக்கியம் என் தலைக்குள் ஓடியதைக் கேட்டு நானே மிரண்டுபோனேன். பைத்தியக்காரி. நாற்பத்தேழு வயது, ஒரு புருஷன், கோயம்புத்தூரில் ஒரு பிள்ளை, இங்கே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விரலை வெட்டுவதைப் பற்றி யோசிக்கிறாய். வெளியே வந்தேன். யாரும் என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை, எல்லோரும் கடைசி மணி நேரத்து அவசரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணிக்கு நீண்ட மணி அடித்தது. நூல் கட்டு, எண்ணைச் சரிபார், எழுந்திரு என்று ஒவ்வொரு வரிசையாக விடைத்தாள்களை வாங்கி மேஜையில் அடுக்கினேன். பிள்ளைகள் சத்தமாகப் பேசிக்கொண்டு வெளியே போனார்கள். எண்ணினேன். இருபத்தைந்து. திரும்ப எண்ணினேன். இருபத்தைந்து. விடைத்தாளில் என்னையும் சேர்த்து எண்ண முடியாது. ஒவ்வொன்றாகப் புரட்டினேன், ஒன்றின் முதல் பக்கத்தில் என் கையெழுத்து இல்லை. உள்ளே திறந்தால் எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் பொடிப் பொடியாக, ஓரத்துக் கோட்டுக்கு வெளியேயும், அட்டையின் உட்பக்கத்திலும் எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஹால் காலியாகிவிட்டது, மூன்றாவது வரிசைக் கடைசி மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பெண் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். நீலச் சுடிதார், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஹிஸ்டரி இரண்டாம் வருஷம். ஷீட்டில் பதினைந்தாவது வரியில் இருந்த பெயர் முப்பிடாதி.

"நீ எப்பம்மா வந்த?"

"ஒம்பதரைக்கே வந்துட்டேன் மேடம்."

"கையெழுத்து வாங்கும்போது எங்க போன?"

"எங்கயும் போவல. இங்கனதான் இருந்தேன். நீங்க என் பக்கத்துல வந்து நின்னிய. என்னையப் பாத்திய. பாத்துட்டு அங்கிட்டுப் போயிட்டிய."

அந்த மேஜையைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் பலகை, வெளிச்சம், எவ்வளவு தெளிவாக என் ஞாபகத்தில் இருந்தது அது. "ஏம்மா, அப்ப கூப்பிட வேண்டியதானே? மேடம் என் கையெழுத்து வாங்கலன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதானே? அடிஷனல் ஷீட்டுகூடக் கேக்கலியே நீ!"

அவள் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "பயமா இருந்திச்சு மேடம். கேட்டா, ஒன் பேரு லிஸ்ட்டுல இல்ல, எந்திரிச்சு வெளிய போன்னு சொல்லிருவியளோன்னு. கேக்காம இருந்தா எழுதியாவது முடிச்சிரலாம்லா. மூணு மணி நேரமும் எனக்குக் கையி ஓடவே இல்ல, ஒவ்வொரு தடவ நீங்க வரும்போதும் சொல்லிருவமான்னு நெனப்பேன், சொல்லல." பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "இப்பம் என்னைய ஆப்சென்ட்டுன்னு போட்டுருவாவளா மேடம்?"

அவளை எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணை இதற்கு முன் பார்த்ததில்லை, ஆனாலும் பதினோரு நாளாகத் தெரியும். கேட்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று மூன்று மணி நேரம் ஓரத்து வெள்ளையில் பொடி எழுத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சிவப்பு மையில் எழுதிய பிறகும், தலையை எண்ணி இருபத்தைந்து வந்தபோது சிரித்த பிறகும், அவள் அங்கேயே இருந்து எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நான் பார்க்காதது அவளை ஒன்றும் செய்யவில்லை, பயமுறுத்தியதைத் தவிர. "போட மாட்டாவ" என்றேன். "நான் இருக்கேன், வா." அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேர்வு அலுவலகத்துக்கு நடந்தேன், கை ஜில்லென்று இருந்தது. தேர்வு அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "முழு ஆளு உக்காந்திருக்கு, தெரியலியா மேடம்? நீங்க நடத்துற பாடத்த இங்கயுமா கொண்டாருவிய?" என்றார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. சிவப்பு மையை அடித்துவிட்டு, அவள் கையெழுத்தை வாங்கி, என் கையெழுத்தைப் போட்டு, விளக்கக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். தேர்வர் வருகை தந்திருந்தார், என் கவனக்குறைவால் வராதவர் எனக் குறித்துவிட்டேன். வருகை தந்திருந்தார் என்று எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது. முப்பிடாதி வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து தேங்க்ஸ் மேடம் என்றாள்.

பெண்கள் ஓய்வறையில் பியூலா மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். விஷயம் அதற்குள் அவள் காதுக்கு வந்துவிட்டது. "ஏட்டி, என்ன ஆச்சு ஒனக்கு, ஒரு பிள்ளையவே காணோமுன்னு எழுதி வச்சிருக்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"பியூலா, கையக் கழுவிட்டு வா. கதவச் சாத்து."

சாத்தினாள். நான் தலைப்பை விலக்கினேன், அவள் கையைப் பிடித்து வைத்தேன். "இங்க. இன்னும் கீழ. ஒண்ணு இருக்கா பாரு."

அவளுடைய ஈரமான விரல்கள் மெதுவாக ஒரு தடவை போயின, திரும்பி வந்தன, மறுபடி போய் நின்றுவிட்டன. அந்த இடத்தில்தான் நின்றன. நான் சுவரைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குட்டி" என்றாள். பிறகு, "என்னவா வேணாலும் இருக்கும், சும்மா கொழுப்புக் கட்டியா இருக்கும், அது வேற. ஆனா இருக்கு. எத்தன நாளா?"

"பதினோரு நாள்."

"கிறுக்கி" என்றாள், கையை எடுக்காமலே. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பதினோரு நாளாக நான் யோசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன், பயப்படவே இல்லை, பயம் இப்போதுதான் வந்தது. பியூலா மறு கையால் போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பர் என்ன என்று கேட்டாள். அழுதுகொண்டே ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.